யூஎஸ்பி-சீரியல் கேபிள் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிடியுங்கள்

பெங்களூரின் பீனியாவில் ஒரு பழைய சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கண்ட்ரோலில் ஓடும் கடைசல் மெஷின்), யஷ்வந்த்பூர் யார்டில் பருப்பு மண்டியின் எலக்ட்ரானிக் தராசு, பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் பையனின் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. மூன்று இடத்திலிருந்தும் எனக்கு ஒரே புகார்தான் வரும்: "கம்ப்யூட்டர்ல எடுக்க மாட்டேங்குது." மூன்றிலும் நடுவில் உட்கார்ந்திருப்பது விரல் நகத்தைவிடச் சின்ன ஒரு சிப். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் சீரியல், அதாவது ஒரு வயரில் பிட் பிட்டாக வரிசையாக டேட்டா அனுப்பும் பழைய இணைப்பு. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நான்கு குடும்பங்கள்தான்: எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232, ப்ரொலிஃபிக்கின் பிஎல்2303, சிலிக்கான் லேப்ஸின் சிபி2102, டபிள்யூசிஹெச்சின் சிஹெச்340.

என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்பி ரோடு வரை போய் இரண்டாவது கேபிளும் வாங்கி, அதுவும் வேலை செய்யாமல் போன பிறகுதான் கூப்பிடுகிறார்கள். சிப் செத்துப்போவது அபூர்வம். தப்பு சிப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று முதலில் பிரித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

## எல்லாவற்றுக்கும் முன்: ஒரு பேப்பர் கிளிப்

மெஷினிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் செருகியபடியே இருக்கட்டும். ஒன்பது பின் கனெக்டர் என்றால் 2, 3 ஆகிய இரண்டு பின்களையும், டிடிஎல் மாட்யூல் (மைக்ரோகண்ட்ரோலர் போர்டோடு நேராகச் சேரும் 3.3 அல்லது 5 வோல்ட் வகை) என்றால் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) இரண்டையும், ஒரு கிளிப்பாலோ ஜம்பர் வயராலோ சேர்த்துவிடுங்கள். பக்கத்துப் பின்னில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புட்டி மாதிரி ஏதாவது டெர்மினல் சாஃப்ட்வேரில் கேபிளின் காம் போர்ட்டைத் (காம் 3 மாதிரி எண், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் தெரியும்) திறந்து, ஃப்ளோ கண்ட்ரோலை 'நன்', அதாவது எதுவும் வேண்டாம், என்று வைத்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வருகிறதா? கிளிப்பை எடுத்ததும் நிற்கிறதா? அப்படியென்றால் கம்ப்யூட்டர், டிரைவர், சிப் மூன்றும் உயிரோடு இருக்கின்றன, தப்பு மெஷின் பக்கம். வரவில்லை என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம், தப்பு இந்தப் பக்கம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தச் சோதனையில் வேக அமைப்பு தப்பாக இருந்தாலும் எழுத்து சரியாகத்தான் வரும், ஏனென்றால் அனுப்புவதும் வாங்குவதும் அதே சிப். அதனால் இதில் பாஸ் ஆனாலும் 'பாட் ரேட் சரி' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

## செருகினால் சத்தமே இல்லை, டிவைஸ் மேனேஜரில் எதுவும் அசையவில்லை

முதல் சந்தேகம் வயர். தனியாகக் கேபிள் போடுகிற மாட்யூல் என்றால், போன் சார்ஜருடன் வந்த கேபிளைத்தான் எடுத்துப் போட்டிருப்பீர்கள். அவற்றில் சிலவற்றில் டேட்டா வயர் இரண்டும் கிடையாது, கரண்ட் மட்டும்தான் போகும். மாட்யூலில் சிவப்பு விளக்கு எரியும், நாமும் 'பவர் வருதே' என்று ஏமாந்துவிடுவோம். போனிலிருந்து போட்டோ காப்பி செய்து பார்த்த கேபிள் ஒன்றை எடுத்துப் போடுங்கள்.

அடுத்தது சாக்கெட். டெஸ்க்டாப்பில் முன்பக்க சாக்கெட்டை நம்பாதீர்கள், பின்பக்கம் போர்டில் நேரடியாக இருப்பதில் செருகுங்கள். ஹப் இருந்தால் கழற்றுங்கள். அப்புறம் இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் சத்தம் இல்லை என்றால் சிப்போ அதன் சாலிடரோ போய்விட்டது. சில நூறு ரூபாய்க் கேபிளை ரிப்பேர் செய்ய யாரையும் கூப்பிடாதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஆனால் சிப் மெஷினுடைய போர்டிலேயே சாலிடர் ஆகியிருந்தால் கதை வேறு. அதை எடுத்து மாற்ற ஹாட் ஏர் வைத்திருக்கிற ஆள் வேண்டும், சாதாரண சாலிடரிங் அயர்னோடு இறங்காதீர்கள்.

'அன்நோன் டிவைஸ், டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று வந்தால் அதை டிரைவர் பிரச்சினை என்று நினைத்து இணையத்தில் ராத்திரி முழுக்கத் தேடாதீர்கள். தான் யார் என்பதைக்கூட சிப்பால் சொல்ல முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். எந்த டிரைவரும் அதற்குள் நுழைய முடியாது. கேபிள், சாக்கெட், கடைசியாக சிப், இதே வரிசையில் பாருங்கள். சிஹெச்340ஜி வகையாக இருந்தால் பக்கத்தில் ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். கீழே விழுந்த போர்டுகளில் பலமுறை அதுதான் போயிருக்கிறது.

## டிவைஸ் மேனேஜரில் வருகிறது, ஆனால் மஞ்சள் முக்கோணத்தோடு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், எனக்கு வரும் கூப்பாட்டில் பெரிய பங்கு இதுதான்.

பெயர் இல்லாமல் வெறும் 'யூஎஸ்பி சீரியல்' என்று இருந்தால் டிரைவர் போடவில்லை, அவ்வளவுதான். எந்த டிரைவர் என்று தெரிய அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடி. அங்கே விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருளின் எண்) என்று இரண்டு எண்கள் இருக்கும். விஐடி 0403 என்றால் எஃப்டிடிஐ. பிஐடி 2303 என்றால் ப்ரொலிஃபிக். 7523 என்றால் சிஹெச்340. டிரைவரை அந்தந்த சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று வருகிற இலவச சாஃப்ட்வேர்களை நான் எந்த மெஷினிலும் ஏற்றுவதில்லை. ஏற்றியவர்களின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தே எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பெயர் சரியாக இருந்தும் முக்கோணம் இருக்கிறது, கோட் 10 என்கிறது என்றால், அது பிஎல்2303 ஆக இருக்க நல்ல வாய்ப்பு. நேற்று வரை ஓடியது, விண்டோஸ் அப்டேட் ஆனது, இன்று ஓடவில்லை என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். போலி சிப்புகள் பெருகியதால் ப்ரொலிஃபிக் தன் புதிய டிரைவரில் சோதனை வைத்தது. கூடவே தன்னுடைய பழைய அசல் சிப்பான ஹெச்எக்ஸ்ஏ வகைக்கும் 2012-ஓடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதனால் உங்கள் கேபிள் அசலாகவே இருந்தாலும் பழையது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளப்பட்டிருக்கலாம். 'இது ப்ரொலிஃபிக் சிப் இல்லை, விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் டிவைஸின் பெயரே மாறி நின்றால் போலி. 'ஹெச்எக்ஸ்ஏ 2012-இலேயே நிறுத்தப்பட்டது' என்றால் பழையது.

செலவில்லாத வழி: டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் போய், 'என் கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியலிலிருந்து எடுக்கிறேன்' என்பதைத் தேர்ந்து, பழைய பதிப்பைக் கொடுங்கள். 3.3.11.152 என்ற பழைய பதிப்பு எனக்கு விண்டோஸ் 10-இல் பல தடவை கை கொடுத்திருக்கிறது. ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட் புதியதைத் திரும்ப ஏற்றிவிடும், நீங்களும் திரும்பப் பின்வாங்க வேண்டும். தினமும் பில் போடுகிற கடை, உற்பத்தி ஓடுகிற ஷாப் என்றால் இந்த விளையாட்டு வேண்டாம், எஃப்டி232 போட்ட நல்ல கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள்.

எஃப்டிடிஐ பக்கமும் பூப்பாதை இல்லை. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய டிரைவர், போலி சிப்புகளின் பிஐடி எண்ணை 0000 என்று மாற்றி எழுதி, அவற்றை லினக்ஸில்கூடத் தெரியாதபடி செய்துவிட்டது. பெரிய கூச்சல் கிளம்பியதும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பழைய பெட்டியிலாவது பிஐடி 0000 என்று காட்டுகிற கேபிள் கிடைத்தால் அது அந்தக் காலத்து ஆசாமி. 2016-இல் வந்த டிரைவர் இன்னொரு வேலை செய்தது: போலி சிப் என்று கண்டால் உங்கள் டேட்டாவுக்குப் பதில் 'இது அசல் இல்லை' என்கிற ஆங்கில வாசகத்தையே போர்ட்டில் அனுப்பியது. எடை வர வேண்டிய இடத்தில் அந்த வாசகம் வந்தால் தராசைத் திட்டாதீர்கள்.

கடையில் 'ஒரிஜினல் சார்' என்பதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் சொந்த அபிப்பிராயம், போலி எஃப்டி232-ஐ விட அசல் சிஹெச்340 மேல். விலை குறைவு, போலி செய்ய யாருக்கும் ஆசை வராத சிப் அது.

## போர்ட் இருக்கிறது, சாஃப்ட்வேர் திறக்க மாட்டேன் என்கிறது

'ஆக்சஸ் டினைடு' என்றால் வேறு ஏதோ ஒன்று அந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். பெரும்பாலும் நேற்று நீங்கள் சோதித்துப் பார்த்துவிட்டு மூடாமல் விட்ட டெர்மினலாகத்தான் இருக்கும்.

'போர்ட் இல்லை' என்றால் எண் மாறியிருக்கிறது. பில்லிங் சாஃப்ட்வேரில் காம் 3 என்று எழுதி வைத்திருப்பார்கள், கடைப்பையன் துடைக்கிறேன் என்று கழற்றிப் பக்கத்து சாக்கெட்டில் செருகியிருப்பான், விண்டோஸ் அதைப் புது ஆள் என்று நினைத்துக் காம் 7 கொடுத்திருக்கும். சிஹெச்340, பிஎல்2303 இரண்டிலும் பொதுவாகத் தனித்தனி சீரியல் எண் கிடையாது, அதனால் சாக்கெட்டை வைத்துத்தான் அடையாளம். அசல் எஃப்டி232-இல் சீரியல் எண் உண்டு, எங்கே செருகினாலும் அதே காம் எண்தான் வரும். எண்ணைக் கையால் மாற்ற: போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு. காம் 3 'இன் யூஸ்' என்று காட்டினால் அது பெரும்பாலும் எப்போதோ செருகிய ஒரு கேபிளின் ஆவி. வியூ மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' கொடுத்தால் மங்கலாக நிற்பவற்றையெல்லாம் காட்டும், அழித்துவிடலாம். பழைய டாஸ் காலத்து சாஃப்ட்வேர் சிலவற்றுக்கு 9-க்கு மேல் எண்ணத் தெரியாது, காம் 10 என்றால் விழிக்கும். கீழே இறக்கிக் கொடுங்கள். அப்புறம் அந்த சாக்கெட்டில் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள், இதைவிட மலிவான ரிப்பேர் நான் செய்ததில்லை.

லினக்ஸ்காரர்களுக்கு: உபுண்டு, டெபியனில் உங்கள் யூசரை 'டயல்அவுட்' குரூப்பில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். வெறும் டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. உபுண்டு 22.04-இல் சிஹெச்340 செருகியதும் போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று தவறாக எண்ணி 'பிஆர்எல்டிடிஒய்' சர்வீஸ் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. பிரெய்ல் கருவி நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம்.

## திறக்கிறது, ஒரு எழுத்துகூட வரவில்லை

கிளிப் சோதனை பாஸ் ஆகியிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

மலிவான காரணம், மெஷின் பேசவே தொடங்கவில்லை. தராசுகளில் தொடர்ந்து அனுப்பு, பிரிண்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் அனுப்பு, கேட்டால் மட்டும் அனுப்பு என்று முறைகள் உண்டு. பட்டனை அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது வயர் குறுக்கா, நேரா என்ற விவகாரம். இதற்கு மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்புக் கம்பியைப் பின் 5-இல் (கிரவுண்ட்) வைத்து, சிவப்பை 2-இலும் 3-இலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஆர்எஸ்-232 (ஒன்பது பின் கனெக்டரில் ஓடும் சீரியல் முறை) சும்மா இருக்கும்போது அனுப்புகிற பின்னில் மைனஸ் வோல்ட் நிற்கும், மைனஸ் 5-இலிருந்து மைனஸ் 12 வரை எங்காவது. எந்தப் பின்னில் மைனஸ் தெரிகிறதோ அதுதான் அனுப்பும் பின். உங்கள் யூஎஸ்பி கேபிளில் அது 3-ஆகத்தான் இருக்கும். மெஷினிலும் 3-ஆகவே இருந்தால் இரண்டு பேரும் ஒரே வயரில் பேசிக்கொண்டு, இரண்டு பேரும் இன்னொரு வயரில் காது வைத்திருக்கிறார்கள். நடுவில் 2-ஐயும் 3-ஐயும் குறுக்கே மாற்றிவிடும் நல் மோடம் அடாப்டர் ஒன்று போடுங்கள். மெஷினில் 2-ஆக இருந்தால் நேர் கேபிள்.

மைனஸே இல்லை, ப்ளஸ் 3.3 அல்லது ப்ளஸ் 5 நிற்கிறது என்றால் நிறுத்துங்கள். அது டிடிஎல், ஆர்எஸ்-232 இல்லை. இரண்டையும் நேராகச் சேர்த்தால் டிடிஎல் பக்கம் போய்விடும். நடுவில் மேக்ஸ்232 மாதிரி லெவல் மாற்றும் சிப் வேண்டும், அல்லது நேரடியாக டிடிஎல் மாட்யூலையே பயன்படுத்துங்கள். 3.3 வோல்ட் போர்டுக்கு மாட்யூலின் ஜம்பரை 3.3-இல் வைத்த பிறகுதான் வயர்.

டிடிஎல்லில் கிரவுண்ட் வயரை மறந்தவர்கள் கணக்கில்லை. டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டு வயர் போட்டுவிட்டு 'சிக்னல் இரண்டுதானே' என்பார்கள். மூன்று வயர்.

நீண்ட தூரம் போகும் இன்னொரு சீரியல் முறையான ஆர்எஸ்-485 என்றால் ஏ, பி வயர்களை ஒரு தடவை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எது ஏ எது பி என்பதில் தயாரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை, மாற்றினால் எதுவும் எரியாது.

மெஷினில் இரண்டு பின்னிலும் எந்த வோல்ட்டும் இல்லை என்றால் அதன் சீரியல் போர்ட் போய்விட்டது. இது மெஷின் கம்பெனி ஆளின் வேலை. முத்திரை வைத்த தராசைத் திறக்கவே திறக்காதீர்கள், முத்திரை உடைந்தால் திரும்ப எடையளவு சரிபார்ப்புக்குப் போக வேண்டும்.

## வருகிறது, ஆனால் எல்லாம் குப்பை

பாட் ரேட் (வேகம்), டேட்டா பிட் (ஒரு எழுத்துக்கு எத்தனை பிட்), பாரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் கூடுதல் பிட்). இந்த மூன்றில் ஒன்று. மொத்தமும் புரியாத கட்டம், கேள்விக்குறி என்றால் வேகம் தப்பு. 9600, 4800, 2400, 1200, 19200 என்று வரிசையாக முயலுங்கள். பாதி எழுத்து சரியாகவும் பாதி வேறாகவும் வந்தால் பாரிட்டி. 8 பிட் நோ பாரிட்டி என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்கள். பழைய தராசுகளில் 7 பிட், ஈவன் பாரிட்டி அடிக்கடி உண்டு. பீனியாவில் நான் பார்க்கிற பழைய சிஎன்சி கண்ட்ரோலர்களில் 7 பிட், ஈவன், 2 ஸ்டாப் பிட் சகஜம். மாட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) கருவிகளில் ஈவன் பாரிட்டிதான் இயல்பான அமைப்பு.

எல்லாம் சரி, எப்போதாவது ஒரு எழுத்து மட்டும் கெடுகிறது என்றால் தப்பு அமைப்பில் இல்லை, மின் இரைச்சல். கேபிள் மோட்டார் வயரோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

## மவுஸ் பாயிண்டர் பேய் பிடித்ததுபோல் ஓடுகிறது

பருப்பு மண்டிக்காரர் ஒருவர், திண்டுக்கல் பக்கத்து ஆள், 'வைரஸ் தம்பி' என்று இரண்டு தடவை விண்டோஸ் ஃபார்மேட் செய்த பிறகு என்னைக் கூப்பிட்டார். வைரஸ் இல்லை. தராசு இடைவிடாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் போர்ட்டைக் கண்டதும் அந்த டேட்டாவைப் பார்த்து, அந்தக் காலத்து சீரியல் மவுஸ் என்று விண்டோஸ் நினைத்துக்கொண்டது. மூட்டை ஏற ஏற பாயிண்டர் ஓடும், ஐகான் தானாகத் திறக்கும்.

டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் 'சீரியல் பால்பாயிண்ட்' என்று ஒன்று நிற்கும். அதை டிசேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் வேண்டாம், அடுத்த தடவை திரும்ப முளைக்கும். எஃப்டிடிஐ டிரைவரில் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'சீரியல் எனுமரேட்டர்' டிக்கை எடுத்தால் வேரோடு போய்விடும். ஜிபிஎஸ் ரிசீவரிலும் இதே கூத்து உண்டு. இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

## மெஷினுக்கு ப்ரோக்ராம் பாதி போய் நிற்கிறது

சிஎன்சிக்காரர்களுக்கு மட்டும். மெஷின் 'போதும், நிறுத்து' என்று எக்ஸ்ஆஃப் அனுப்பும். பழைய கம்ப்யூட்டர் போர்ட் உடனே நிற்கும். யூஎஸ்பி சிப்பிலோ ஏற்கெனவே கிளம்பிய எழுத்துகள் பஃபரில் இருக்கும், அவையும் போய் விழும், மெஷின் நிரம்பி அலாரம் அடிக்கும். வேகத்தை 4800-க்கு இறக்கிப் பாருங்கள். எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் (தொடர், நிறுத்து) முறை சாஃப்ட்வேரிலும் இயங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் இந்தக் கைகுலுக்கலை சிப்பிலேயே செய்யத் தெரிந்த அசல் எஃப்டி232. இதற்கு மேல் மெஷின் பாராமீட்டரைத் தொட வேண்டியிருந்தால் கண்ட்ரோலர் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், ஒரு தப்பு எண் போதும், டூல் போய், பொருளைப் பிடித்திருக்கும் சக்கில் மோதும்.

## நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகிறது

சும்மா இருந்த பிறகு அறுந்தால் பவர் சேவிங். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப் ஒவ்வொன்றிலும் 'மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்' என்பதன் டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' அணையுங்கள்.

மோட்டார் ஓடத் தொடங்கும் அதே நொடியில் அறுந்தால் அது கான்டாக்டரோ டிரைவோ கிளப்புகிற இரைச்சல். யூஎஸ்பி வயரைக் குட்டையாக வைத்து சீரியல் பக்கத்தை நீளமாக்குங்கள். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் அதிகம். யூஎஸ்பி 5 மீட்டருக்கு மேல் தாங்காது, ஆர்எஸ்-232 9600-இல் 15 மீட்டர் சாதாரணமாகப் போகும், ஆர்எஸ்-485 நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள். அடுத்த படி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நேரடி மின் தொடர்பு இல்லாமல் டேட்டாவை மட்டும் கடத்தும் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர், விலை பல மடங்கு, ஆனால் ஷாப் ஃப்ளோரில் நான் வேறு எதையும் சிபாரிசு செய்வதில்லை.

## செருகும்போது சின்னதாகப் பொறி பறக்கிறது, விரலில் ஜிவ்வென்கிறது

இரண்டாவது தடவை செருகிப் பார்க்காதீர்கள். லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சீரியல் கனெக்டரின் உலோக ஓட்டுக்கும் மெஷின் பாடிக்கும் நடுவில் அளந்து பாருங்கள், முதலில் சார்ஜர் இல்லாமல், அப்புறம் சார்ஜரோடு. சார்ஜர் போட்டதும் பல வோல்ட் ஏறினால், இரண்டு இடத்து எர்த்தும் ஒன்றாக இல்லை, அல்லது எர்த்தே இல்லை. பழைய ஷெட்களில் மூன்றாவது பின் வெறும் அலங்காரத்துக்கு இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த வோல்ட் முழுவதும் உங்கள் சீரியல் வயரின் கிரவுண்ட் வழியாகத்தான் லேப்டாப்புக்குள் போகப் பார்க்கும். சிப் போனால் சில நூறு, யூஎஸ்பி சாக்கெட்டோடு மதர்போர்டும் போனால் கணக்கு வேறு.

அவசரமாக ஒரு ஃபைல் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் பேட்டரியில் மட்டும் ஓடும் லேப்டாப், ஐசொலேட்டட் கன்வெர்ட்டர், இரண்டும் இருந்தால் மட்டும். இல்லையென்றால் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வந்து போகும் வரை என்னைக் கூப்பிட்டாலும் நான் அந்த மெஷினில் வயர் செருக மாட்டேன்.